சிறைவிடு காதைகள்: தயவும் பாத்தியதையும்

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் நெருங்கும்போது எங்கள் ஓரிக்கையில் ஒரு நெசவாளர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பது வழக்கம். அவருடைய தமையனார் கொலை வழக்கொன்றில் ஆயுள் தண்டனை பெற்று, வேலூர் மத்திய சிறையில் பல்லாண்டுகளாக இருந்து வருகிறார். "இந்த வருஷம் அண்ணா பொறந்த நாளுக்காவது எங்க அண்ணன வுடுவாங்களா, அஜரத்து?" என்பார். அறிஞர் அண்ணா 1909இல் பிறந்த ஊர் இந்தக் காஞ்சிபுரம். அவர் பிறந்தநாளை ஒட்டிச் சிறைவாசிகளை விடுவிக்கும் மரபால், இவ்வூரில் அந்த நாளை விழாவாக அன்றித் தவணையாக எண்ணிக் காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. நான் அரபிக் கல்லூரியில் பாடம் சொல்பவன், வழக்கறிஞன் அல்லன். ஆயினும் அரசாணை வந்ததா, எவர் சேர்க்கப்பட்டனர், எவர் விலக்கப்பட்டனர் என்று நாளிதழ் பார்த்துச் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டு, பாவில் அறுந்த இழையை முடிச்சிடத் திரும்பிவிடுவார்.

ஒருமுறை அவர் கேட்ட வேறொரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. "வுடுறதுன்னா அது அவங்க தயவா, இல்ல நம்ம பாத்தியதையா?" என்றார். அன்று என்னிடம் விடை இல்லை. நீதி நூல்களையும் நம் ஃபிக்ஹு நூல்களையும் தமிழ்க் காப்பியங்களையும் ஒருசேர எடுத்து வைத்துக்கொண்டு அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனை இவ்விதழின் வாசகர்முன் வைக்கிறேன்.

ஊர்ப்பெயரில் உறையும் தீர்ப்பு

ஓரிக்கை என்னும் பெயருக்கு இங்குள்ள வைணவப் பெருமக்கள் ஒரு வரலாறு சொல்வர். தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ வேந்தன் நாடு கடத்தினான். அவனுடைய ஆசிரியரான திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டார். அவர் சொற்படி திருவெஃகாவில் கிடந்த பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை' ஆகிப் பின் ஓரிக்கை ஆயிற்று என்பர். ஒளியிழந்த நகரைக் கண்டு தன் பிழையுணர்ந்த வேந்தன் இங்கு வந்து மன்னிப்பு வேண்ட, அனைவரும் காஞ்சிக்குத் திரும்பினர்.

இது அவர்களுடைய சமய மரபு. அதன் சமயப் பொருளுக்குள் புக எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு தண்டனை எவ்வாறு திரும்பப் பெறப்பட்டது என்ற அளவில் இக்கதை ஊன்றி நோக்கத்தக்கது. இங்கே மன்னிப்புக் கேட்டவன் தண்டிக்கப்பட்டவன் அல்லன், தண்டித்தவன். வேந்தன் கணிகண்ணனுக்குக் கருணை காட்டவில்லை. தன் தவற்றைத் திருத்திக்கொண்டான். இவ்விரண்டும் வேறு வேறு. புறத்தே பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். ஏனெனில் இரண்டின் முடிவிலும் ஒருவன் வீடு திரும்புகிறான். இந்த மயக்கமே நம் காலத்து விவாதங்கள் பலவற்றையும் குழப்பி வருகிறது என்பது என் கருத்து.

சாத்தனாரின் மூன்று காதைகள்

மணிமேகலையின் முப்பது காதைகளுள் மூன்று, சிறையைத் தம் பெயரிலேயே தாங்கியவை: 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை', 'சிறைசெய் காதை', 'சிறைவிடு காதை'. பத்தொன்பதாவதாகிய முதலாவதே மேடைகளில் பெரிதும் எடுத்துப் பேசப்படுவது. காயசண்டிகை வடிவில் அமுதசுரபியோடு சிறைக்கோட்டத்துள் புகுந்த மணிமேகலை அங்கிருந்தோரின் பசியைத் தீர்க்கிறாள். வியந்த சோழ வேந்தன் அவளை அழைத்து, வேண்டுவது யாதென வினவுகிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்கிறாள். அவ்வாறே ஆகிறது. உலக இலக்கியத்தில் இதற்கு நிகரான காட்சிகள் மிகுதியாக இரா.

ஆனால் காப்பியம் அத்தோடு முடியவில்லை. அரசிளங்குமரன் உதயகுமரன் வெட்டுண்டு இறந்தபின், அதே வேந்தன் அதே மணிமேகலையைக் காவலில் வைக்கிறான். அது இருபத்திரண்டாம் காதை. அடுத்த காதையின் பெயர் 'சிறைவிடு காதை' என்பதால் நீதி மீண்டது எனக் கருதிவிடலாகாது. அவளைச் சிறையினின்று விடுவித்துத் தன்னிடம் கொண்டு வருபவள் மகனை இழந்த அரசி. விடுவித்ததன் நோக்கம் பழிவாங்குதல். பித்தேறச் செய்ய முயன்றதும், அறையிலடைத்துப் பட்டினியிட்டதும் அந்த விடுதலைக்குப் பின்னரே நிகழ்ந்தன.

இம்மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் சாத்தனாரின் நுட்பம் விளங்கும். ஒருவனுடைய மனநெகிழ்ச்சியால் திறந்த கதவு, அவனுடைய மனக்கலக்கத்தால் மூடிக்கொள்கிறது. விடுதலை என்ற சொல் பழிக்கும் போர்வையாகிறது. முதற்காதையை மட்டும் பிரித்தெடுத்துப் போற்றுவோர் வேந்தனின் கருணையைக் காண்கின்றனர். அக்கருணைக்கு அவன் மனத்தைத் தவிர வேறு அடித்தளம் இல்லை என்பதைக் காணத் தவறுகின்றனர்.

வார்த்திகனும் கோவலனும்

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் வார்த்திகன் வரலாறும் இவ்வகையில் கருதத்தக்கது. மகன் அணிந்திருந்த அணிகலன்களைக் கண்டு அழுக்காறுற்ற அலுவலர், புதையல் கவர்ந்தான் எனப் பொய்க்குற்றம் சுமத்தித் தந்தையைச் சிறையிலிட்டனர். மனைவி கார்த்திகை நிலத்தில் புரண்டு அழுதாள். கொற்றவை கோயிலின் கதவு திறவாது நின்றது. காரணம் வினவியறிந்த பாண்டியன் வார்த்திகனை விடுவித்து, தன் ஆட்சியின் பிழையைப் பொறுக்க வேண்டி, திருத்தங்காலையும் வயலூரையும் அளித்தான். அத்தோடு நில்லாமல் நாட்டின் சிறைகளைத் திறக்கவும், இறைப்பாக்கியைத் தள்ளவும், புதையல் கண்டெடுத்தவர்க்கே உரியதெனவும் பறையறைவித்தான்.

இதனைக் கூர்ந்து நோக்குக. வார்த்திகனுக்கு நேர்ந்தது கருணையன்று, திருத்தம். எந்தச் சட்டம் அவனைச் சிக்க வைத்ததோ அச்சட்டமே மாற்றப்பட்டது. ஆனால் சிறைகளைப் பொதுவாகத் திறந்தது திருத்தம் அன்று, அது அருள். நடுகற்காதையில் செங்குட்டுவன் மாடலன் சொற்கேட்டு வேள்விக்கு முனைந்தபோது சிறைக்கோட்டங்களைத் திறப்பித்ததும் இவ்வகையே. நம் காலத்தில் தலைவர்களின் பிறந்தநாளுக்கு விடுவிப்பது இந்தப் பழைய மரபின் தொடர்ச்சி எனலாம்.

வார்த்திகன் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பவள் கணவனை இழந்த கண்ணகி என்பதை இளங்கோ நம்மை மறக்கவிடவில்லை. வார்த்திகனுக்குச் சிறை, ஆகவே பிழை வெளிப்பட்டபோது திருத்த ஆள் இருந்தான். கோவலனுக்கு வாள், ஆகவே பாண்டியன் தன் உயிரைக் கொடுத்தும் திருத்த இயலவில்லை. மரண தண்டனை குறித்து எத்துணை வாதங்கள் எழுந்தாலும், இவ்விரு கதைகளும் அருகருகே நிற்பதைவிட வலிய வாதம் எனக்குத் தென்படவில்லை.

யூசுஃப் (அலை) ஏன் உடனே வெளிவரவில்லை?

திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் இவ்வேறுபாட்டை இன்னும் தெளிவாக்குகிறது. பொய்ப்பழியால் பல்லாண்டு சிறையில் கிடந்த யூசுஃப் (அலை) அவர்களை அழைத்து வர மன்னனின் தூதன் வந்தபோது அவர்கள் எழுந்து சென்றுவிடவில்லை. தம் கைகளை வெட்டிக்கொண்ட அப்பெண்களின் செய்தி என்னவென்று உன் எசமானனிடம் கேள் எனத் திருப்பி அனுப்பினார்கள். விசாரணை நடந்து, உண்மை ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே சிறையைவிட்டு வெளியே வந்தார்கள். யூசுஃபைப் போல நெடுங்காலம் நான் சிறையில் இருந்திருப்பின் அழைப்பவருக்கு உடனே இணங்கியிருப்பேன் என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. யூசுஃப் (அலை) அவர்களின் பொறுமையை உயர்த்திச் சொன்ன பணிவு அது. தயவால் கிடைக்கும் விடுதலை பழியை நீக்காது. நீதியால் கிடைக்கும் விடுதலையே நீக்கும் என்பது இதன் படிப்பினை.

நம் சட்ட அறிஞர்கள் மன்னிப்பை ஒரே சொல்லாக விட்டுவிடாமல், குற்றத்தின் வகைக்கேற்பப் பிரித்தனர். கொலைக்குரிய கிஸாஸில் மன்னிக்கும் உரிமை ஆட்சியாளருக்கன்று, கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கே உண்டு. அவர்கள் ஈட்டுத்தொகை பெற்றும் பெறாமலும் மன்னிக்கலாம். வரையறுக்கப்பட்ட ஹத்துத் தண்டனைகளில், வழக்கு ஆட்சியாளரை அடைந்தபின் பரிந்துரைக்கு இடமில்லை. தம் மேலாடையைத் திருடியவனைத் தீர்ப்புக்குப் பின் மன்னிக்க முன்வந்த ஸஃப்வான் இப்னு உமைய்யா (ரலி) அவர்களிடம், என்னிடம் கொண்டு வருமுன் இதைச் செய்திருக்கலாகாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டது அறியப்பட்ட செய்தி. மூன்றாவதாகிய தஃஸீரில், அதாவது ஆட்சியாளர் அல்லது நீதிபதியின் மதிப்பீட்டுக்கு விடப்பட்ட தண்டனையில், பொதுநன்மை கருதி ஆட்சியாளர் மன்னிக்கலாம். ஆனால் அதிலும் தனியொருவரின் உரிமை கலந்திருப்பின் அவ்வுரிமையைத் தள்ளிவிட ஆட்சியாளருக்கு அதிகாரமில்லை என்று இமாம் மாவர்தீ (ரஹ்) தம் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் வரைகிறார்.

சிறையைப் பற்றியும் அவர்கள் வாளா இருக்கவில்லை. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதப்பட்ட 'கிதாபுல் கராஜ்' நூலில் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) சிறைவாசிகளின் உணவு, கோடை உடை, மாரி உடை ஆகியவற்றை அரசின் கடமையாகச் சொல்வதோடு, சிறைவாசிகளின் நிலையைத் தொடர்ந்து ஆராயுமாறும், வழக்கில்லாதவரை விடுவிக்குமாறும் வலியுறுத்துகிறார். நம் மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்', புதிதாகப் பொறுப்பேற்கும் காழி முதலில் கவனிக்க வேண்டியது சிறையிலிருப்போரின் நிலையையே என்கிறது. சிறைவாசி மனுப் போட்டுக் காத்திருப்பதன்று, நீதிபதி தேடிச் சென்று பார்ப்பதே அங்குள்ள முறை. இது கருணை அத்தியாயத்தில் வரவில்லை. நீதிபதியின் கடமைகளைக் கூறும் அத்தியாயத்தில் வருகிறது.

சட்டத்தின் ஒற்றை வாக்கியம்

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். இந்திய அரசமைப்பின் 72ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்கும், 161ஆம் உறுப்பு ஆளுநருக்கும் தண்டனையை மன்னிக்கவும், தள்ளிவைக்கவும், குறைக்கவும், மாற்றவும் அதிகாரம் தருகின்றன. எந்தக் காரணத்துக்காக என்று அவ்வுறுப்புகள் சொல்லவில்லை. பிழையான தீர்ப்பைத் திருத்துதல், திருந்தியவனின் காலத்தைக் குறைத்தல், காரணம் வேண்டாத அருள் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்துள் அடங்கிக் கிடக்கின்றன. இலக்கியத் திறனாய்வாளன் ஒருவன் இவ்வுறுப்புகளைப் படித்தால், சொற்சுருக்கம் பொருட்குழப்பத்துக்கு வழிவகுத்த இடம் என்றே குறிப்பான்.

இதனோடு சட்டமன்றங்கள் இயற்றிய வழியொன்றும் உண்டு. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 432, 433 பிரிவுகளாக இருந்த அவ்வதிகாரம், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 473, 474 பிரிவுகளாகத் தொடர்கிறது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டும் என்று 1978இல் சேர்க்கப்பட்ட 433அ பிரிவு இப்போது 475ஆம் பிரிவு. ஆயுள் தண்டனை 14 ஆண்டுகளில் தானே முடிந்துவிடும் எனப் பாமரர் நம்புவது பிழை. ஆயுள் என்பது வாழ்நாள் முழுவதுமே என 1961இல் கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 14 என்பது கதவு திறக்கும் ஆண்டன்று. கதவைத் தட்டலாம் என்னும் ஆண்டு. அந்தக் குறைந்த அளவு அரசமைப்பின் 161ஆம் உறுப்பைக் கட்டுப்படுத்தாது என்று மாரு ராம் வழக்கில் 1980இல் கூறப்பட்டது. 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி, ஏழாண்டுகளே கழித்திருந்த ஆயுள் கைதிகள் உட்பட 1,405 பேரைத் தமிழக அரசு விடுவிக்க முடிந்தது இதனால்தான்.

கோப்பு செல்லும் வழியும் நெடியது. சிறைக் கண்காணிப்பாளர், நன்னடத்தை அலுவலர், காவல் துறை ஆகியோரின் அறிக்கைகள், அறிவுரைக் கழகத்தின் கருத்து, உள்துறை, அமைச்சரவை, இறுதியாக ஆளுநர். ஆளுநர் தம் விருப்பப்படி முடிவெடுக்க முடியுமா என்ற வினாவுக்கும் தமிழகமே களமாயிற்று. 1999இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நால்வரின் கருணை மனுக்களை அன்றைய ஆளுநர் ஃபாத்திமா பீவி நிராகரித்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக விளங்கியவர் அவர். அமைச்சரவையின் ஆலோசனையின்றி எடுத்த முடிவென்று சென்னை உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. 2000இல் அமைச்சரவையின் பரிந்துரைப்படி நளினியின் மரண தண்டனையை ஆயுளாக மாற்றியவரும் அவரே. ஒரே ஆளுநர், ஒரே வழக்கு, இரு முடிவுகள். இடையில் மாறியது அவர் மனமன்று, முறை.

காலத்தாழ்வு என்னும் தண்டனை

எஞ்சிய மூவரின் மனுக்கள் பதினோராண்டுகள் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கடந்து வரவில்லை. 2011இல் அவை நிராகரிக்கப்பட்டுத் தூக்குக்கு நாளும் குறிக்கப்பட்டபோது, காஞ்சிபுரத்தைச் சேர்ந்த செங்கொடி என்னும் இளம்பெண் ஆகஸ்டு 28 அன்று அத்தண்டனையை எதிர்த்துத் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு நாட்களில் சென்னை உயர் நீதிமன்றம் தூக்கை நிறுத்திவைத்தது. அந்தப் பெண்ணின் மரணத்தைப் போற்ற என் மார்க்கமும் மனமும் இடந்தரவில்லை. ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிர் விலையாகலாகாது. அவர் உயிரோடிருந்து 2014 பிப்ரவரி 18ஐக் கண்டிருக்க வேண்டும் என்றே வருந்துகிறேன். அன்று உச்ச நீதிமன்றம் காலத்தாழ்வையே காரணமாகக் காட்டி மூவரின் தண்டனையையும் ஆயுளாக மாற்றியது.

அதன்பின்னும் கோப்பு நகரவில்லை. 2018 செப்டம்பரில் எழுவரையும் விடுவிக்க அமைச்சரவை பரிந்துரைத்தது. ஈராண்டுகளுக்கு மேல் ஆளுநர் முடிவெடுக்காதிருந்து, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் 142ஆம் உறுப்பு அதிகாரத்தால் பேரறிவாளனை விடுவித்தது. அவ்வாண்டு நவம்பர் 11 அன்று எஞ்சிய அறுவரும் விடுதலையாயினர்.

இங்கே யூசுஃப் (அலை) அவர்களின் கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டியுள்ளது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, அதில் ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறினார். அக்கூற்று மெய்யாயின் தேவைப்பட்டது திருத்தம்; கிடைத்ததோ தாமதத்துக்கான நிவாரணம். கதவு திறந்தது, கேள்வி உள்ளேயே கிடக்கிறது. மறுபுறம், கணவரை இழந்த சோனியா காந்தி நளினியின் தூக்கை விரும்பவில்லை எனத் தெரிவித்தது, வாரிசின் மன்னிப்புக்கு நம் காலம் கண்ட அரிய சான்று. ஆனால் அன்று ஸ்ரீபெரும்புதூரில் உயிரிழந்த காவலர்களும் பொதுமக்களும் உண்டு. அவர்களின் வாரிசுகளும் வாரிசுகளே. ஃபிக்ஹின்படி கொல்லப்பட்ட ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு. புகழ்பெற்ற குடும்பத்தின் மன்னிப்பு, பெயரறியாக் குடும்பத்தின் மன்னிப்பாகிவிடாது.

நம் அளவுகோல் எது?

இதுவரை பிறரை ஆராய்ந்தோம். இனி நம்மை நாமே ஆராய வேண்டும். இதனை எழுதத் தயங்கினேன். எழுதாமல் விடுவது நேர்மையன்று என்பதால் எழுதுகிறேன்.

2022 ஆகஸ்டு 15 அன்று, பில்கிஸ் பானு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரைக் குஜராத் அரசு விடுவித்தபோது நம் மஹல்லாக்களில் எழுந்த வேதனை நியாயமானது. 2002 கலவரத்தில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகி, குடும்பத்தாரைப் பறிகொடுத்த அந்தப் பெண்மணியைக் கேளாமலேயே அது நடந்தது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை ரத்துச் செய்தது. விசாரணை மகாராட்டிரத்தில் நடந்ததால் முடிவெடுக்கும் அதிகாரம் அம்மாநில அரசுக்கே உரியது என்பது அதன் முதன்மைக் காரணம். அதே மாதத்தில் இலங்கை உச்ச நீதிமன்றமும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021இல் வழங்கப்பட்ட அதிபர் மன்னிப்பைச் செல்லாதென்றது. மன்னிப்பு மன்னனின் அந்தரங்கம் என்ற காலம் இரு நாடுகளிலும் முடிந்துவிட்டது. சாதி, சமயம், அரசியல் சார்பு ஆகியவற்றால் வழங்கப்படும் மன்னிப்பு செல்லாது என்று 2006இலேயே எப்பூரு சுதாகர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

இப்போது நம் மாநிலத்தைப் பாருங்கள். 1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தனர். அவ்வழக்கிலும் பிற வழக்குகளிலும் தண்டனை பெற்ற முஸ்லிம் சிறைவாசிகள் பிறந்தநாள் விடுதலைகளில் தொடர்ந்து விலக்கப்பட்டு வந்தனர். 2021 நவம்பரில் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 ஆயுள் கைதிகளை விடுவிக்க வந்த அரசாணையும் மதமோதல் வழக்குகளை ஒதுக்கி வைத்தது. அவ்வாண்டு இறுதியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் 49 பேரின் கோப்பு ஆளுநருக்கு அனுப்பப்பட்டதாகவும், அவருள் 20 பேர் முஸ்லிம்கள் எனவும் முதலமைச்சர் சட்டமன்றத்தில் தெரிவித்தார்.

ஒரு குற்றப்பிரிவைக் காரணம் காட்டி, அம்மனிதனின் கால் நூற்றாண்டு நடத்தையைப் பாராமலேயே கதவடைப்பது அநீதி என்று நாம் வாதிடுகிறோம். அந்த வாதம் சரியானதே. ஆயினும் மேடைகளில் நாம் அதனைச் சொல்லும் முறையில் ஒரு குறை இருக்கிறது. குஜராத்தில் பாதிக்கப்பட்டவரைக் கேட்டீர்களா என்று கேட்கிறோம். கோவையில் 58 குடும்பங்கள் இருப்பதைச் சொல்லாமல் கடந்துவிடுகிறோம். அங்கே குற்றத்தின் கொடுமையைப் பேசுகிறோம். இங்கே சிறையில் கழிந்த ஆண்டுகளை மட்டும் பேசுகிறோம். அங்கே சமயச் சார்பால் விடுவித்தனர் என்கிறோம். இங்கே சமயத்தின் பெயராலேயே விடுதலை கோருகிறோம்.

உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராயினும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் எனவும், ஒரு கூட்டத்தார்மீது கொண்ட வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் எனவும் திருக்குர்ஆன் இரு அத்தியாயங்களில் இருமுறை கட்டளையிடுகிறது. அளவுகோல் ஒன்றாக இருந்தால்தான் நம் கோரிக்கைக்கு வலிமை. கோரிக்கையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முஸ்லிம் என்பதற்காக விடுக என்னாமல், முஸ்லிம் என்பதற்காகவோ மதமோதல் வழக்கு என்பதற்காகவோ ஒதுக்காதே, பிறரை எந்த அளவால் அளக்கிறாயோ அதே அளவால் அளந்து முடிவு சொல் என்று கேட்க வேண்டும். அம்முடிவுக்கு முன் உயிரிழந்தோரின் குடும்பங்களையும் கேள் என்பதை நாமே முன்வந்து சொல்ல வேண்டும். அக்குடும்பங்களை நம் ஆலிம்களும் பெரியவர்களும் நேரில் சென்று கண்டிருந்தால், அது எந்த ஆர்ப்பாட்டத்தையும்விடப் பெரிய மனுவாக அமைந்திருக்கும்.

பாதிக்கப்பட்டவர் மறுத்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். கேட்பது வேறு, அவர் கையில் சாவியைக் கொடுப்பது வேறு. இந்நாட்டுச் சட்டத்தில் முடிவு அரசினுடையது; அது அவ்வாறே இருக்கட்டும். சினத்தில் கொதிப்பவரின் சொல்லுக்கு மட்டும் கட்டுப்பட்ட சிறைவிடு, மணிமேகலையில் அரசி செய்த சிறைவிடு ஆகிவிடும். ஆனால் அவர் குரலைக் கேளாத மன்னிப்பு, பிறர் பொருளை எடுத்துத் தானம் செய்ததற்கு ஒப்பாகும். காரியம் கெடாதவாறு கண்ணோட வேண்டும் என்னும் பொருள்பட வள்ளுவர் கண்ணோட்டத்துக்கு விதித்த எல்லையும் இதுவே.

நெசவாளருக்கு விடை

தயவா, பாத்தியதையா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்ல முடிகிறது. விடுதலை பாத்தியதை அன்று. ஆனால் உரிய காலத்தில் கோப்பை எடுத்துப் பார்த்து, நேர்மையான அளவால் அளந்து, காரணத்தோடு விடை சொல்லப்பட வேண்டும் என்பது பாத்தியதையே. தண்டனை பெற்ற நாளில் இருந்த கொள்கையின்படி, பின்னர் அதைவிடச் சலுகையான கொள்கை வந்திருப்பின் அதன்படி, கருதப்பட வேண்டும் என்று 2010இல் ஜகதீஷ் வழக்கில் கூறப்பட்டது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்று, விடுதலைக் கொள்கை வகுத்துள்ள மாநில அரசு, தகுதி எய்திய சிறைவாசி மனுச் செய்யாவிடினும் தானே முன்வந்து அவரைக் கருத வேண்டும், முடிவுக்குக் காரணம் கூற வேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்ப்பைப் படித்தபோது 'மின்ஹாஜ்' ஓதும் மாணவனாகவே என்னை உணர்ந்தேன். சிறைவாசி தேடி வரக் காத்திராமல், நீதி அவரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதன்றோ அது!

இதனை அந்த நெசவாளரிடம் அவர் தறியருகே அமர்ந்து விளக்கினேன். தமையனாரின் தண்டனை ஆண்டையும் அந்த ஆண்டில் இருந்த கொள்கையையும் குறித்துக்கொண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குச் செல்லுமாறும் சொன்னேன். அங்கே கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்போ செத்தவன் பொஞ்சாதியையும் கேக்கணும்னு சொல்றீங்க" என்றார். ஆம் என்றேன். "அது நம்ம பக்கத்துத் தெருதான், அஜரத்து. இத்தன வருஷம் நாங்க அந்தப் பக்கமே போனதில்ல" என்றார். அவர் போவாரா என்று நான் கேட்கவில்லை. கிஸாஸையும் மன்னிப்பையும் ஒரே வசனத்தில் வைத்த இறைவன், மன்னிப்பவரையும் கொன்றவரையும் சகோதரர் என்றே அங்கே குறிப்பிடுகிறான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வல்லாஹு அஃலம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.